மதம் மாறியோரின் கடந்த காலம்: நைபாலை மதுரையில் வைத்து வாசித்தல்

வி. எஸ். நைபால் 2018 ஆகஸ்ட் 11ஆம் நாள் லண்டனில் மறைந்தபோது அவரைப் பற்றி வெளியான அஞ்சலிகள் இரு கூறாகப் பிரிந்து நின்றன. ஆங்கில உரைநடையின் ஒப்பற்ற கலைஞன் என்று ஒரு சாரார் எழுதினர். காலனிய எசமானரின் கண்களைக் கடன் வாங்கித் தம் மக்களையே இகழ்ந்தவர் என்று மறு சாரார் எழுதினர். முஸ்லிம் வாசகருக்கோ இந்த வழக்கு முன்பே தீர்ப்பாகிவிட்ட ஒன்று. 1981இல் வெளியான 'விசுவாசிகளிடையே', 1998இல் வெளியான 'விசுவாசத்துக்கு அப்பால்' ஆகிய இரு பயண நூல்களுக்குப் பின் நம்மவருள் பெரும்பாலோர் அவரைப் பகைவர் பட்டியலில் சேர்த்து மூடி வைத்தனர். நோபல் பரிசு அறிவிக்கப்பட்ட 2001 அக்டோபர் 11, நியூயார்க் தாக்குதல் நிகழ்ந்து சரியாக ஒரு திங்கள் கழித்து வந்த நாள் என்பதும் அந்தக் கசப்பை மிகுவித்தது.

பகையென ஒதுக்குவதும் பரிசென வணங்குவதும் வாசிப்பைத் தவிர்ப்பதற்கான இரண்டு வழிகள் என்றே நாம் கருதுகிறோம். நைபாலின் மையக் கூற்றை அதன் வலிமையோடு எடுத்துக்கொண்டு, நமக்குத் தெரிந்த ஒரு நிலத்தில் வைத்து உரசிப் பார்ப்பதே நேர்மையான திறனாய்வாகும். அந்த நிலமாக மதுரையையும் அதைச் சூழ்ந்த சமவெளியையும் இங்கே தேர்ந்துள்ளோம். நைபால் இந்த ஊரை எழுதியவரல்லர் என்பதே அதனைத் தேர்வதற்கு ஒரு காரணமும் ஆகும்.

முதலில் நாவலாசிரியரைப் பார்ப்போம். 1932 ஆகஸ்ட் 17இல் டிரினிடாட் தீவின் சகுவானாஸ் என்னும் சிற்றூரில் பிறந்தவர் நைபால். வட இந்தியாவிலிருந்து கரும்புத் தோட்டங்களுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் வழிவந்த பிராமணக் குடும்பம் அது. அத்தீவுக்கு இந்தியரை ஏற்றிச் சென்ற முதற் கப்பல் 1845 மே 30இல் கரையடைந்தது. அதன் பெயர் 'ஃபாத்தல் ரசாக்' என்று பதிவாகியுள்ளது. ரஸ்ஸாக் என்னும் இறைத் திருநாமம் தாங்கிய மரக்கலத்தில் இந்துக்களும் முஸ்லிம்களும் ஒரே தளத்தில் படுத்துறங்கிச் சென்றனர் என்பதை நினைவில் இருத்திக்கொள்வது பின்னால் பயன்படும். தந்தை சீபர்சாத் அங்குள்ள ஆங்கில நாளிதழில் செய்தியாளர், சிறுகதை எழுதியவர். கால்நடை நோய் தீரப் பலியிடும் வழக்கத்தை 1933இல் செய்தியில் கண்டித்தமைக்காக மிரட்டப்பட்டு, தாமே காளிக்கு ஓர் ஆட்டைப் பலியிட நேர்ந்த அவமானம் அவரது உள்ளத்தை முறித்தது. சடங்கு என்றாலே மகனின் எழுத்தில் எழும் அருவருப்புக்கு இந்த நிகழ்ச்சி ஒரு மூலம் என்று கொள்ளலாம்.

1961இல் வெளியான 'திரு. பிஸ்வாஸுக்கு ஒரு வீடு' அந்தத் தந்தையின் கதை. மாமனார் வீட்டின் பெருங்கூட்டத்தில் கரைந்துபோகாமல் தனக்கென ஒரு கூரை தேடும் எளிய மனிதனின் போராட்டத்தை அத்தனை நகைப்போடும் அத்தனை இரக்கத்தோடும் சொன்ன நாவல்கள் எம்மொழியிலும் அருமை. கடனில் வாங்கிய, கோணலான அந்த வீடு காலனிய மக்கள் அனைவரின் உரிமை வேட்கைக்கும் உருவமாகிவிட்டது. பின்காலனிய இலக்கியம் என்று இன்று பல்கலைக்கழகங்கள் பாடமாக்கும் துறை, அப்பெயர் வழங்கத் தொடங்கும் முன்பே, இந்நாவலில் முழுமை பெற்றிருந்தது என்றால் மிகையன்று.

ஆனால் நம் பொருளுக்கு அதனினும் முக்கியமானது, குறைவாகப் பேசப்படும் மற்றொரு நாவல். 1958இல் வெளியான 'எல்விராவின் வாக்குரிமை' டிரினிடாடின் ஒரு சிற்றூரில் 1950ஆம் ஆண்டுத் தேர்தலைப் பற்றியது. அவ்வூர் முஸ்லிம்களின் தலைவர் பக்ஷ் என்னும் தையற்காரர். பேராசையும் அச்சமும் வாய்ச்சவடாலும் கலந்த அவரை நைபால் சிரிக்கச் சிரிக்கத் தீட்டுகிறார். ஆனால் ஓரிடத்திலும் அந்நியராகத் தீட்டவில்லை. எல்விராவில் எல்லாச் சமயத்தாரும் பைபிள் வைத்திருக்கின்றனர். இந்துக்களும் முஸ்லிம்களும் கிறிஸ்துமஸ் கொண்டாடுகின்றனர். பிறர் தீபாவளி கொண்டாடுகின்றனர். முஹர்ரம் விழாவோ எல்லாருக்கும் பொது. இந்தக் கலப்பைக் குறையாகவும் அவர் காட்டவில்லை, நிறைவாகவும் காட்டவில்லை. வாழ்க்கை அங்ஙனமே இருக்கிறது என்று காட்டிவிட்டு நகர்கிறார். இருபத்தைந்து வயதில் இதனை அறிந்திருந்த எழுத்தாளர், இரண்டு பத்தாண்டுகள் கழித்து தெஹ்ரானிலும் கராச்சியிலும் ஜகார்த்தாவிலும் இறங்கியபோது இதனை மறந்துவிட்டார் என்பதே நாம் வைக்கும் குற்றச்சாட்டு.

1979இல் வெளியான 'ஆற்றின் வளைவில்' மேலும் ஒரு வியப்பைத் தருகிறது. ஆப்பிரிக்காவைப் பற்றிய அவருடைய ஆகப் புகழ்பெற்ற இந்நாவலைத் தன் வாயால் சொல்பவன் சலீம் என்னும் முஸ்லிம். கிழக்காப்பிரிக்கக் கடற்கரையில் பல தலைமுறை வாழ்ந்த இந்திய வம்சாவளி வணிகக் குடும்பத்தின் மகன். தன் மக்கள் தம் கடந்த காலத்தை எழுதி வைக்கவில்லை என்றும், தன் கடற்கரையின் வரலாறாகத் தனக்குத் தெரிந்ததெல்லாம் ஐரோப்பியர் எழுதிய நூல்களிலிருந்து வந்ததே என்றும் அவன் எண்ணி வருந்துகிறான். நாவலில் இது ஒரு பாத்திரத்தின் துயரம். அதன் அழகும் உண்மையும் மறுக்கவியலாதவை. பயண நூல்களிலோ அதே துயரம் ஆசிரியரின் கோட்பாடாக இறுகிவிடுகிறது. வரலாற்றை எழுதி வைக்காத முஸ்லிமாகச் சலீம் என்னும் ஒருவன் இருக்கக்கூடும். உலகின் அரபியரல்லாத முஸ்லிம்கள் அனைவரும் சலீம்கள் என்று முடிவு கட்டுவது நாவலாசிரியனின் வேலையன்று.

அந்தக் கோட்பாட்டை அவர் 1998ஆம் ஆண்டு நூலின் தொடக்கத்திலேயே ஒளிவின்றி முன்வைக்கிறார். சுருங்கச் சொன்னால் அது இவ்வாறு அமையும். இஸ்லாம் தோற்றத்தில் அரபியரின் சமயம். ஆகவே அரபியரல்லாத எந்த முஸ்லிமும் மதம் மாறியவர். மாறியவரின் புனிதத் தலங்கள் வேறு நாட்டில் உள்ளன; புனித மொழி வேற்று மொழி. அவர் தம் மண்ணின் வரலாற்றைத் துறந்து, அரபியக் கதையின் ஒரு பகுதியாகத் தம்மை ஆக்கிக்கொள்ள வேண்டியவராகிறார். இதனால் அச்சமூகங்களில் தீராத மனப்பிளவு உண்டாகிறது. காலனியத்தைவிடவும் ஆழமாக மக்களை வேரறுத்தது இந்த மதமாற்றமே என்பது அவரது துணிபு.

இதற்கு எட்வர்ட் செய்த் முதலியோர் அளித்த மறுமொழிகள் நம் வாசகர் அறிந்தவை. கிறிஸ்தவமும் பௌத்தமும் பிறந்த மண்ணைக் கடந்து பரவியவை அல்லவா, ரோமையும் எருசலேமையும் நோக்கும் ஐரோப்பியர் மட்டும் பிளவுறாதது எங்ஙனம் என்று கேட்பது எளிது. பொதுவாதத்தைப் பொதுவாதத்தால் மறுப்பதில் நமக்கு நிறைவில்லை. ஓர் ஊரின் முஸ்லிம்கள் தம் கடந்த காலத்தை என்ன செய்தனர் என்று பார்ப்பதே உறுதியான வழி.

மதுரையில் வைகையின் வடகரையில் கோரிப்பாளையம் தர்கா உள்ளது. அங்குள்ள கல்வெட்டுச் செய்தியை 1906இல் வெளியான மதுரை மாவட்ட விவரச்சுவடி எடுத்துரைக்கிறது. கூன் பாண்டியன் 14,000 பொன்னுக்கு ஆறு ஊர்களைப் பள்ளிவாசலுக்கு உரிமையாக்கினான் என்றும், பின்னாளில் அதுபற்றி வழக்கு எழுந்தபோது 1573இல் வீரப்ப நாயக்கர் அந்த உரிமையை உறுதி செய்தார் என்றும் அதனால் அறிகிறோம். கூன் பாண்டியன் என்னும் பெயர் எந்த மன்னனைக் குறித்தது என்பது கால ஆராய்ச்சிக்கு உரியது. அதில் நாம் இறங்கவில்லை. நம் கவனத்துக்கு உரியது வேறு. பதினாறாம் நூற்றாண்டில் தம் நிலத்துக்காக வழக்காடிய மதுரை முஸ்லிம்கள் யாரைச் சான்றாக நிறுத்தினர்? பாக்தாதின் கலீஃபாவையோ தில்லியின் சுல்தானையோ அன்று, ஒரு பாண்டியனை. நகரின் தென்பகுதியில் உள்ள காஜிமார் பெரிய பள்ளிவாசலின் மரபும் காஜி சையது தாஜுத்தீனுக்கு நிலம் வழங்கிய சுந்தர பாண்டியனிடமே தொடங்குகிறது. மாறியவர் தம் மண்ணின் வரலாற்றைத் துறக்க வேண்டும் என்கிறார் நைபால். இவர்களோ தம் வழிபாட்டிடத்தின் உரிமையையே அவ்வரலாற்றின் மேல் நிறுத்தியிருக்கின்றனர்.

இதனினும் சுவையான ஒரு பொருத்தம் உண்டு. அந்த வழக்குத் தீர்ந்ததற்கு ஓராண்டு முன்னர், 1572இல், இதே மதுரையில் வண்ணப் பரிமளப் புலவர் தம் 'ஆயிர மசலா'வை அரங்கேற்றினார். இன்று நமக்கு முழுமையாகக் கிடைக்கும் இஸ்லாமியத் தமிழ் இலக்கியங்களுள் இதுவே மூத்தது. 'அதிசய புராணம்' என்ற பெயரும் இதற்கு உண்டு. 'மசலா' என்பது வினா என்னும் பொருளுடைய அரபுச் சொல், 'ஆயிரம்' நம் சொல், 'புராணம்' வடசொல். ஒரு நூலின் இரு பெயர்களுக்குள் மூன்று மொழிகள் எவ்விதக் கூச்சமுமின்றி அமர்ந்திருக்கின்றன.

அந்நூலின் பொருளே மதமாற்றம்தான் என்பது நம் வாதத்துக்கு வலுவூட்டுகிறது. யூத அறிஞரான அப்துல்லாஹ் இப்னு சலாம் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து படைப்பு, விண்ணகம், நரகம், மறுமை பற்றியும் விடுகதை போன்ற எண்களின் மறைபொருள் பற்றியும் வினாக்கள் தொடுக்கிறார். விடைகளில் நிறைவுற்று இறுதியில் இஸ்லாத்தைத் தழுவுகிறார். அவரை அறிவின்மையோ அச்சமோ மாற்றவில்லை. தம் வேதத்தில் கற்றவற்றை அளவுகோலாகக் கொண்டு கேள்வி கேட்டு, கேட்டு, தேர்ந்த பின்னரே மாறுகிறார். கடந்த காலத்தைத் துறப்பதற்கு மாறாக, அதனையே உரைகல்லாக்குவது இக்கதையில் வரும் மதமாற்றம். அரபியில் பிறந்த இக்கதை தமிழில் வந்தபோது, தமிழ்ச் செய்யுளின் யாப்பிலும் இறைவாழ்த்து முதலிய காப்பிய மரபிலும் தன்னைப் பொருத்திக்கொண்டது.

இதே கதை மலாய் மொழியில் 'ஹிகாயத் செரிபு மசாலா' ஆகவும், ஜாவா மொழியில் 'செரத் சாமுத்' ஆகவும் வழங்குகிறது. இம்மூன்றையும் ஒப்பிட்டு ரோனித் ரிச்சி என்னும் ஆய்வாளர் 2011இல் ஒரு நூல் வெளியிட்டார். வடமொழி ஒரு காலத்தில் தென்கிழக்காசியா வரை ஒரு பண்பாட்டு வெளியை உருவாக்கியதைப் போல அரபியும் ஒரு வெளியை உருவாக்கியது. அவ்வெளியில் ஒவ்வொரு மொழியும் அரபியை ஏற்றுத் தன்னைப் புதுக்கிக்கொண்டது என்பது அவரது முடிவு. ஜாவாவும் மலாயும் நைபால் நேரில் சென்று, அங்குள்ள முஸ்லிம்கள் தம்மைத் தொலைத்துவிட்டனர் என்று தீர்ப்பளித்த நாடுகள் என்பதை வாசகர் மறந்திருக்கமாட்டார். அவர் அங்கே மொழிபெயர்ப்பாளர் துணையோடு மனிதரைச் சந்தித்தார்; அதில் அவர் காட்டிய உழைப்பும் செவிப்புலனும் பெரிது. எனினும் அம்மக்களின் நூல்கள் அவர் கண்ணில் படவில்லை. நேர்காணலில் மட்டும் ஒரு நாகரிகம் பிடிபட்டுவிடாது.

மதுரைக்கே திரும்புவோம். மொழியைச் சற்று உற்று நோக்கினால் கல்வெட்டும் காப்பியமும் கூட வேண்டியதில்லை. வட இந்தியாவில் நமாஸ் என்றும் ரோஜா என்றும் பாரசீகச் சொற்கள் வழங்க, இங்கே நாம் தொழுகை என்றும் நோன்பு என்றும் பெருநாள் என்றும் சொல்லி வருகிறோம். சமவெளியின் ராவுத்தர் வீடுகளில் தந்தையை அழைக்கும் 'அத்தா', தேவாரத்தில் இறைவனை விளிக்க வந்த அதே சொல். மசூதியை நாம் பள்ளிவாசல் என்கிறோம். கீழக்குயில்குடியின் சமணர் மலையிலும் யானைமலையிலும் துறவிகள் உறைந்த இடங்களுக்கு வழங்கிய 'பள்ளி' அது. பள்ளி என்று நாவால் சொல்லும்போதெல்லாம் மதுரை முஸ்லிம், இந்துவும் இன்று ஏறக்குறைய மறந்துவிட்ட ஒரு சமண மதுரையை நினைவில் வைத்திருக்கிறார். எதிர்த்திசையிலும் சொற்கள் சென்றன. குதிரை வீரனைக் குறித்த ராவுத்தன் என்னும் சொல்லால் பதினைந்தாம் நூற்றாண்டின் அருணகிரிநாதர் முருகனையே விளித்தார். மதுரையில் 1901இல் பாண்டித்துரைத் தேவர் நான்காம் தமிழ்ச் சங்கம் நிறுவியபோது, அச்சங்கத்துக்குப் புலவரை வழிப்படுத்தி, சங்ககால ஆற்றுப்படையின் வடிவிலேயே 'புலவராற்றுப்படை' பாடியவர் நாகூர் குலாம் காதிறு நாவலர். அச்சங்கத்தின் நக்கீரர் என்று அவர் போற்றப்பட்டார்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, நமக்கு உவப்பல்லாத ஏட்டைப் புரட்டாமல் போனால் நாமும் நைபாலைப் போலவே வசதியானதை மட்டும் கண்டவராவோம். 1311இல் மாலிக் கஃபூரின் படை மதுரையைச் சூறையாடியது. பின்னர் ஏறத்தாழ 1335 முதல் 1378 வரை மதுரையில் ஒரு சுல்தானகம் இருந்தது. அதன் கொடுமைகளை விசயநகர இளவரசன் குமார கம்பணனின் மனைவி கங்காதேவி தம் 'மதுரா விஜயம்' என்னும் வடமொழிக் காப்பியத்தில் எழுதினார். அது வெற்றியாளர் தரப்பின் காப்பியம் என்று தள்ளிவிடலாம். ஆனால் இப்னு பதூதாவை எங்ஙனம் தள்ளுவது? மதுரைச் சுல்தானகத்தை நிறுவிய ஜலாலுத்தீனின் மகளை மணந்தவர் அவர். 1340களில் கியாசுத்தீன் தாமகானியின் விருந்தினராக இங்கே தங்கியவர். அந்தச் சுல்தான் பெண்களையும் குழந்தைகளையும் கொன்றதைக் கண்டு அருவருத்து எழுதியிருப்பவரும் அவரே. மதுரைச் சுல்தானின் கொடுமைக்கு ஆகச் சிறந்த சாட்சி ஒரு முஸ்லிமின் பேனா என்பதில் நாம் வெட்கப்பட வேண்டியதில்லை, பெருமிதமே கொள்ளலாம்.

நைபால் இத்தகைய காயத்தைத்தான் பேசினார். அவருடைய 'இந்தியா: காயமுற்ற நாகரிகம்' 1977இல் வெளிவந்தது. அந்நூல் விசயநகரத்தின் இடிபாடுகளில் தொடங்குகிறது. 1565இல் நிகழ்ந்த அதன் வீழ்ச்சியில் இந்து நாகரிகத்தின் ஆறாப் புண்ணை அவர் கண்டார். புண் இருந்தது என்பதில் நமக்கு வழக்கில்லை. அந்தப் புண்ணின் இருபுறமும் இரண்டு தூய சமயங்கள் எதிரெதிராக அணிவகுத்து நின்றன என்பதே தவறு. விசயநகர அரசர்கள் தம்மை 'இந்துராய சுரத்ராண' என்று அழைத்துக்கொண்டனர். சுல்தான் என்னும் சொல்லே அங்கே வடமொழி உடை தரித்து நிற்கிறது. அவர்களது அரசவை உடையிலும் கட்டடத்திலும் சுல்தானகப் பாணி புகுந்ததை ஃபிலிப் வாகனர் விரிவாக ஆய்ந்துள்ளார். அவற்றைக் கொண்டே வில்லியம் டால்ரிம்பிள் 2004இல் நைபாலை மறுத்து எழுதினார். மதுரையிலும் கதை அதுவே. மாலிக் கஃபூர் வந்தபோது வீரபாண்டியன் படையில் முஸ்லிம் வீரர் இருந்ததை அமீர் குஸ்ரு குறிக்கிறார். மதுரைச் சுல்தானோடு பொருத ஹொய்சள மன்னன் மூன்றாம் வல்லாளனின் படையில் இருபதினாயிரம் முஸ்லிம்கள் இருந்தனர் என்கிறார் இப்னு பதூதா. எண்ணிக்கை மிகையாகவே இருக்கட்டும். அணிகள் சமயத்தால் வகுக்கப்படவில்லை என்பது தெளிவு.

வரலாற்றை இவ்வாறு இரண்டாக வெட்டியதன் விலை எழுத்தோடு நிற்கவில்லை. 1992 டிசம்பர் 6இல் பாபரி பள்ளிவாசல் இடிக்கப்பட்டபோது அதனை ஒரு வரலாற்று விழிப்பின் வெளிப்பாடாகக் கண்டு நைபால் 1993இல் நேர்காணல் அளித்தார். 2012இல் மும்பையில் அவருக்கு வாழ்நாள் சாதனை விருது வழங்கப்பட்ட இலக்கிய விழாவின் மேடையிலேயே கிரீஷ் கர்னாட் இதனை நினைவூட்டிக் கடுமையாகப் பேசினார். சொல்ல வேண்டியவர் சொன்னார் என்ற அளவில் நாம் அமைகிறோம்.

இனி, நம் பக்கத்தில் பேசத் தயங்கும் ஒன்றைப் பேச வேண்டும். 'விசுவாசிகளிடையே' முற்றிலும் பொய்யான நூலன்று. 1979இல் மலேசியாவில் அவர் சந்தித்த இளைஞர் ஷஃபி, கிராமத்தை விட்டு நகரம் வந்தவர். கிராம வாழ்வின் இழப்பைத் தூய சமயத்தின் உறுதியால் நிரப்ப முயல்பவர். அந்த ஏக்கத்தை நைபால் பதிவு செய்த விதத்தில் நாவலாசிரியரின் கை தெரிகிறது. அந்த இளைஞரை நாமும் அறிவோம். வளைகுடாப் பணம் வரத்தொடங்கிய பின் நம் ஊர்களிலும் அவர் தோன்றினார். சீறாப்புராணத்தில் அரபு நாட்டு வருணனை தமிழ்நாட்டு வயல்களாக விரிகிறதே, இது தகுமா என்று அவர் கேட்கிறார். காப்பியமும் கந்தூரியும் கலப்படம். அரபியில் இருப்பது மட்டுமே அசல் என்கிறார். தர்கா வழிபாடு பற்றிய மார்க்கத் தீர்ப்பு உலமாக்களுக்கு உரியது. அதில் இத்திறனாய்வு நுழையவில்லை. ஐந்தாயிரத்துக்கு மேற்பட்ட விருத்தங்களில் உமறுப்புலவர் நபிகளாரின் வாழ்வைத் தமிழில் பாடியதை அந்நியச் சேர்க்கை என்று தள்ளும் மனப்பாங்கு மட்டுமே இங்கே நம் கேள்விக்கு உரியது.

அந்த மனப்பாங்கும் நைபாலின் கோட்பாடும் ஒரே அடித்தளத்தில் நிற்கின்றன என்பதை எத்தனை பேர் கவனித்தோம்? உண்மையான இஸ்லாம் அரபியருடையது, மற்றெல்லாம் நகல் என்பது இருவருக்கும் பொதுவான முற்கோள். ஆகையால் மாறியவர் தம்மை வெட்டிக்கொள்கிறார் என்று நைபால் இரங்குகிறார். இன்னும் முழுதாக வெட்டிக்கொள்ளவில்லையே என்று இவர் வருந்துகிறார். வண்ணப் பரிமளப் புலவருக்கு இருவரிடத்தும் இருக்கை இல்லை. நம் புலவரின் ஏட்டை நாமே புழுதியில் விட்டுவிட்டு, நைபால் அதனைப் படிக்கவில்லை என்று குறைபடுவது பொருந்துமா?

நைபாலின் தாக்கம் பின்வந்தோரிடம் எங்ஙனம் செயல்பட்டது என்பதையும் பார்க்க வேண்டும். அவரை ஏற்றுப் பின்பற்றியோரைவிட அவரோடு வழக்காடியோரே பெரிதாக எழுதினர். செயின்ட் லூசியா தீவின் டெரிக் வால்காட் 2008இல் அவரைக் கடிந்து ஒரு கவிதையே வாசித்தார். அதே டிரினிடாடில் பிறந்த சாம் செல்வனை நம் வாசகர் அதிகம் அறியார். சென்னையிலிருந்து சென்ற இந்தியரின் மகனான அவர் 1956இல் எழுதிய 'தனித்த லண்டன்வாசிகள்', தீவின் பேச்சு வழக்கையே இலக்கிய நடையாக்கியது. நைபால் ஆங்கிலத்தைத் தூய்மையாக்கிக்கொண்டு எசமானரின் கூடத்தில் நுழைந்தார். செல்வனோ கூடத்தின் மொழியையே தெருவுக்கு இழுத்து வந்தார். அமிதவ் கோஷ் 1992இல் வெளியிட்ட 'ஒரு தொன்மையான தேசத்தில்', எகிப்துக்கும் மங்களூருக்கும் இடையே யூதரும் முஸ்லிமும் இந்துவும் நடத்திய இடைக்கால வணிகத்தை மீட்டெடுத்தது. சான்சிபாரில் பிறந்து 2021இல் நோபல் பரிசு பெற்ற அப்துல்ரசாக் குர்னா, 1994ஆம் ஆண்டின் 'சுவர்க்கம்' நாவலில் சலீமின் அதே கடற்கரையை எழுதினார். அக்கரைக்கு உள்ளிருந்தே ஒரு நினைவு இருந்தது என்பதை அந்நாவல் மெய்ப்பித்தது. சலீமுக்கு ஐரோப்பியர் நூல் தேவைப்பட்டது, குர்னாவுக்குத் தேவைப்படவில்லை.

மதுரையிலும் இதற்கு ஓர் இணை உண்டு. சிங்கம்புணரியில் பிறந்து, இளமையில் இந்தோனேசியாவின் மேதான் நகருக்குப் பிழைக்கச் சென்று, 1946இல் திரும்பி மதுரையிலேயே வாழ்ந்து 1997இல் மறைந்தவர் ப. சிங்காரம். அவரது 'புயலிலே ஒரு தோணி' 1972இல் வெளிவந்தது. நைபால் 1979இல் சென்று பார்த்த தீவுக்கூட்டத்தை, அதற்கு நாற்பதாண்டு முன்பே, வட்டிக்கடைப் பையன்களோடும் மரக்காயர்களோடும் சீனரோடும் மலாய்க்காரரோடும் வாழ்ந்து அறிந்தவர் அவர். மேதான் தெருவில் நடக்கும் அவரது பாண்டியனுக்கு மதுரைத் தெருக்கள் கடை கடையாக நினைவில் எழுகின்றன. பழம்பெருமை பேசும் தமிழரை அவர் கிண்டல் செய்யும் கூர்மை நைபாலுக்குச் சற்றும் குறைந்ததன்று. ஆயினும் அக்கிண்டலில் தன்னை விலக்கிக்கொண்ட பார்வையாளன் இல்லை. அதே பழம்பாடல்களை நெஞ்சில் சுமந்துகொண்டு நகைப்பவனே அங்கு இருக்கிறான்.

தோப்பில் முஹம்மது மீரான் 'ஒரு கடலோர கிராமத்தின் கதை'யை எழுதியபோதும் நிலைமை இதுவே. 1988இல் நூலாக வரும் முன்னர் 'முஸ்லிம் முரசு' இதழில் அது தொடராக வெளிவந்தது. ஊர் முதலாளியின் ஆணவம், போலித் தங்ஙளின் ஏமாற்று, ஆங்கிலப் பள்ளிக்கூடத்தை மார்க்கத்தின் பெயரால் எதிர்த்த அறியாமை ஆகியவற்றை அவர் இரக்கமின்றிக் கிழித்தார். முஸ்லிம் சமூகத்தின் மீது நைபால் தொடுத்த கணைகள் எதுவும் இவ்வளவு ஆழத்தில் தைக்கவில்லை. அவர் அதை எழுதியது தேங்காய்ப்பட்டணத்து முஸ்லிம்கள் வீட்டுக்குள் பேசும் மொழியில். வாசித்தவரும் அதே வீட்டார். தொடரை நிறுத்தச் சொல்லியிருக்கக்கூடிய வாசகர் அடுத்த இதழுக்குக் காத்திருந்தனர்.